பிள்ளை வளர்கிறது, ஜீவனாம்சம் வளரவில்லை: உயர்த்திக் கேட்பது எப்படி?

குடும்ப நல நீதிமன்ற வராண்டாவில் அரைமணி நேரம் நின்றால் போதும், இந்த மூன்றும் காதில் விழும். “வருஷத்துக்குப் பத்து பர்சன்ட் தானா ஏறும்.” “அவர் சம்பளத்துல கால்வாசி பிள்ளைக்குத்தான், சட்டமே அப்படித்தான்.” “மியூச்சுவல்ல கையெழுத்துப் போட்டாச்சே, இனிமே ஒண்ணும் கேக்க முடியாது.” மூன்றுமே தவறு. முதலாவதை நம்பியவர்கள் ஏறும் ஏறும் என்று காத்திருந்து வருஷங்களைத் தொலைக்கிறார்கள். இரண்டாவதை நம்பியவர்கள் கணக்கே இல்லாமல் மனுப் போட்டுத் தோற்கிறார்கள். மூன்றாவதை நம்பியவர்கள் நீதிமன்றப் பக்கமே போவதில்லை.

விவாகரத்துக்குப் பிறகு குழந்தைக்காக ஏற்கெனவே நிர்ணயித்த மாதத் தொகையை உயர்த்திக் கேட்பது பற்றி மட்டும் இங்கே பார்க்கலாம். மனைவிக்கான ஜீவனாம்சம் தனிக் கதை. இரண்டையும் கலந்து பேசுவதில்தான் பாதிக் குழப்பம்.

பள்ளிச் சீருடையும் உள்மடிப்பும்

ஜூன் மாதம் பள்ளிச் சீருடை தைக்கக் கொடுக்கும்போது அம்மாக்கள் தையல்காரரிடம் மறக்காமல் ஒன்று சொல்வார்கள்: “கீழ ரெண்டு இஞ்ச் உள்மடிப்பு வெச்சுத் தைங்க, வளர்ற பிள்ளை.” மடிப்பு இருந்தால் அடுத்த வருஷம் தையலைப் பிரித்து இறக்கிவிட்டால் முடிந்தது. மடிப்பு இல்லாவிட்டால் கால்சட்டை கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கும். மறுபடி கடைக்குப் போய், மறுபடி அளவு கொடுத்து, புதிதாகத்தான் தைக்க வேண்டும்.

பராமரிப்பு உத்தரவும் அப்படித்தான். ‘இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து சதவீதம் உயர்த்தித் தர வேண்டும்’ என்று உத்தரவிலேயே எழுதியிருந்தால் அதுதான் உள்மடிப்பு. இதைப் படிப்படி உயர்வு நிபந்தனை என்று சொல்லலாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் முன்னாள் மனைவிக்கு மாதம் 50,000 ரூபாய் நிர்ணயித்தபோது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வையும் சேர்த்தே எழுதியது. அப்படி ஒரு வரி உங்கள் உத்தரவில் இல்லையென்றால் தொகை தானாக ஒரு ரூபாய்கூட ஏறாது. குழந்தை எல்.கே.ஜி. படித்தபோது எழுதிய 6,000, எட்டாம் வகுப்பிலும் 6,000தான். மறுபடி அளவு கொடுக்கத்தான் வேண்டும்.

அதனால் முதல் வேலை, பழைய உத்தரவை எடுத்து முழுவதும் படிப்பது. வக்கீல் சொன்னது, அம்மா சொன்னது, ஞாபகத்தில் இருப்பது எதுவும் உதவாது. உயர்வு வரி இருக்கிறதா, தொகை குழந்தைக்கு மட்டுமா அல்லது ‘மனைவிக்கும் குழந்தைக்கும் சேர்த்து’ என்று இருக்கிறதா, எந்தச் சட்டப் பிரிவில் போட்ட உத்தரவு? இந்த மூன்றும்தான் அடுத்து என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கும்.

எந்தக் கதவு?

உயர்த்திக் கேட்க இந்தியச் சட்டத்தில் கதவுகள் சில உண்டு. பழைய உத்தரவு எந்தக் கதவு வழியாக வந்ததோ, அதே கதவைத்தான் தட்ட வேண்டும். முந்தைய உத்தரவில் மாற்றம் வேண்டுமென்றால் அதே நடவடிக்கையில்தான் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

எம்.சி. (மெயின்டனன்ஸ் கேஸ், அதாவது பராமரிப்பு வழக்கு) எண் போட்ட உத்தரவு என்றால் அது பெரும்பாலும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் வந்தது. எந்த மதத்தினருக்கும் பொருந்தும் பிரிவு இது. அதில் உயர்த்திக் கேட்கும் பிரிவு 127. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. எண்கள் மாறிவிட்டன: 125 இப்போது 144, 127 இப்போது 146, நிறைவேற்றத்துக்கான 128 இப்போது 147. உள்ளடக்கம் ஏறக்குறைய அதேதான். எண் மாறியதால் உரிமை போய்விட்டது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

இந்து திருமணச் சட்டப்படி நடந்த விவாகரத்து வழக்கில் குழந்தைக்குத் தொகை நிர்ணயித்திருந்தால் அந்தச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு. தீர்ப்பு வந்த பிறகும் குழந்தையின் பராமரிப்பு, படிப்பு பற்றி அவ்வப்போது புதிய உத்தரவு போடும் அதிகாரத்தை அது நீதிமன்றத்துக்குக் கொடுக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவு என்றால் அதன் 25(2).

பரஸ்பர விவாகரத்தில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மா தன் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்கலாம். குழந்தையின் பராமரிப்பு குழந்தைக்குச் சொந்தமான உரிமை. அதை அம்மாவின் கையெழுத்து அழிக்காது. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 1956-இன் 25-ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: தொகை தீர்ப்பால் வந்ததோ ஒப்பந்தத்தால் வந்ததோ, சூழ்நிலை கணிசமாக மாறினால் அதை மாற்றலாம். அம்மா மறுமணம் செய்துகொண்டாலும் குழந்தைக்கான அப்பாவின் கடமை அப்படியே இருக்கும்.

இதுவரை: உத்தரவில் உயர்வு வரி இல்லையென்றால் தொகை தானாக ஏறாது. ஏற்ற வேண்டுமானால், பழைய உத்தரவு வந்த அதே சட்டப் பிரிவின் வழியே, மாற்றக் கோரும் மனு.

அன்று, இன்று

இந்த மனுவின் உயிர் ஒரே சொற்றொடரில் இருக்கிறது: சூழ்நிலை மாற்றம். பழைய உத்தரவு வந்த நாளுக்கும் இன்றைக்கும் இடையில் குழந்தையின் தேவையோ, பெற்றோரின் வருமானமோ மாறியிருக்கிறது என்று காட்டுவதுதான் அது.

பலர் சறுக்குவது இங்கேதான். விவாகரத்து ஏன் நடந்தது, அவர் எப்படி அடித்தார், மாமியார் என்ன சொன்னார் என்று பத்துப் பக்கம் எழுதுகிறார்கள். நீதிமன்றத்துக்கு அது முடிந்த கதை. தையல்காரர் போன வருஷத் துணியின் நிறத்தைப் பற்றிப் பேச மாட்டார். இன்று உயரம் எவ்வளவு என்று நாடாவை வைத்துப் பார்ப்பார். அதுபோல இரண்டு தேதிகளில் இரண்டு அளவு காட்டினால் போதும்.

‘விலைவாசி ஏறிவிட்டது’ என்று ஒரு வரி எழுதுவதும் பலவீனம்தான். ஏறியது உண்மை. ஆனால் அது ஊருக்கெல்லாம் பொது. உங்கள் பிள்ளையின் வாழ்க்கையில் எங்கே எவ்வளவு ஏறியது என்பதைச் சொல்ல வேண்டும். பள்ளிக் கட்டணம், புதிதாகச் சேர்ந்த வேன் செலவு, கண்ணாடி, பல் கம்பி, ஆஸ்துமா மருந்து, வீட்டு வாடகை. மறுபக்கம் அப்பாவின் பதவி உயர்வு, வேலை மாற்றம், புதிய தொழில், அடைத்து முடித்த வீட்டுக் கடன். அரசு ஊழியர் என்றால் ஆண்டுக்கு ஆண்டு வரும் ஊதிய உயர்வும் அகவிலைப்படியுமே சாட்சி சொல்லும்.

எவ்வளவு கேட்பது?

தொகையைக் காற்றில் பிடிக்கக் கூடாது. ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். உத்தரவு வந்தபோது நான்கு வயது, மாதம் 6,000. இப்போது பத்து வயது, ஐந்தாம் வகுப்பு.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகளை முதலில் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 54,000 என்றால் மாதம் 4,500. புத்தகம், சீருடை, ஷூ ஆண்டுக்கு 9,000, அதாவது மாதம் 750. வேன் மாதம் 1,500 என்றாலும் பத்து மாதம்தான் ஓடும். ஆண்டுக்கு 15,000, மாதத்துக்கு 1,250. (‘வேன் 1,500’ என்று நேரடியாக எழுதிவிட்டு, குறுக்கு விசாரணையில் மே மாதமும் வேன் ஓடுமா என்று கேட்டு மடக்கினால் மற்ற எண்களின் மரியாதையும் போய்விடும்.) டியூஷன் 1,000. சாப்பாடு, பால், தின்பண்டம் 4,000. துணிமணி ஆண்டுக்கு 6,000, மாதம் 500. மருத்துவம் ஆண்டுக்கு 7,200, மாதம் 600. வாடகை 9,000, வீட்டில் அம்மா, பாட்டி, குழந்தை என மூன்று பேர். அதில் குழந்தையின் பங்கு 3,000. கூட்டினால் 15,600.

இந்த முழுத் தொகையையும் அப்பாவிடம் கேட்பதா? அம்மாவுக்கு வருமானம் இல்லையென்றால் ஆம். அம்மாவும் சம்பாதித்தால் வருமான விகிதத்தில் பிரிப்பார்கள். 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், அப்பாவின் சம்பளம் அம்மாவினுடையதைப் போல இரண்டு மடங்கு என்பதால் பிள்ளைகளின் செலவை 2:1 என்று பிரித்தது. நம் கணக்கில் அப்பாவுக்குக் கையில் வருவது 60,000, அம்மாவுக்கு 30,000 என்றால் அப்பாவின் பங்கு 10,400. இப்போது வருவதோ 6,000. இடைவெளி 4,400. இதுதான் வழக்கு.

‘முப்பதாயிரம் கேட்டால்தான் பத்தாயிரமாவது தருவார்கள்’ என்று ஒரு பேரம் பேசும் பழக்கம் உண்டு. காய்கறிச் சந்தையில் அது செல்லும். ரசீதுகள் 15,600 சொல்லும்போது மனு 30,000 சொன்னால், ரசீதுகளையே நீதிபதி சந்தேகத்தோடு பார்ப்பார். அதே நேரம் டியூஷனையும் விளையாட்டுப் பயிற்சியையும் ஆடம்பரம் என்று நீங்களே வெட்டிவிட வேண்டியதில்லை. படிப்புக்குத் துணையான கூடுதல் பயிற்சி வகுப்புகளையும் நியாயமான அளவில் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மேலே சொன்ன 2020 தீர்ப்பே சொல்கிறது.

சரி, அந்த ‘கால்வாசி’ எங்கிருந்து வந்தது? 2017-இல் ஒரு வழக்கில் மனைவிக்கான ஜீவனாம்சத்தைப் பற்றிப் பேசும்போது, கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. அது மனைவியைப் பற்றியது. பிள்ளைக்கான சூத்திரம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே வழக்கில் கணவருக்கு மறுமணமாகி இன்னொரு குழந்தையும் இருந்ததால் உயர் நீதிமன்றம் கொடுத்த 23,000-ஐ 20,000 ஆகக் குறைத்தார்கள். அப்பாவின் புதுக் குடும்பம் கணக்கில் சேரும். ஆனால் முதல் பிள்ளையின் பங்கை அது துடைத்துவிடாது.

அவர் வருமானத்தை எப்படி நிரூபிப்பது?

“அவர் என்ன வாங்குறார்னு எனக்கு எப்படித் தெரியும்?” நியாயமான கேள்வி. விடை மேலே சொன்ன அதே 2020 தீர்ப்பில், நவம்பர் 4-இல் வந்தது. வக்கீல்கள் ‘ரஜ்னேஷ் – நேஹா’ என்று சொல்லும் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பராமரிப்பு வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரப் பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்ய வேண்டும். பிரமாண வாக்குமூலம் என்றால் சத்தியம் செய்து கையெழுத்திடும் எழுத்து வாக்குமூலம். நீதிமன்ற வட்டாரத்தில் அபிடவிட் என்பார்கள். சம்பளம், வாடகை வருமானம், வைப்புத்தொகை, காப்பீடு, வாகனம், கடன், மாதச் செலவு எல்லாம் அதில் வர வேண்டும். நகரங்களில் வாழ்பவர்களுக்கு ஒரு படிவம், விவசாய வருமானம் உள்ளவர்களுக்கு வேறு படிவம். எதிர்த்தரப்பு நான்கு வாரத்துக்குள் பதிலுரையோடு கொடுக்க வேண்டும். இழுத்தடிக்க இரண்டு வாய்ப்புக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்றும், வேண்டுமென்றே காலம் கடத்துபவரின் எதிர்வாதத்தையே நீக்கலாம் என்றும் தீர்ப்பு சொல்கிறது.

இதன் பயன் என்ன? முன்பு ‘அவர் லட்சம் வாங்குகிறார்’ என்று அம்மா சொல்ல, ‘பதினைந்தாயிரம்தான்’ என்று அப்பா சொல்ல, நீதிபதி நடுவில் ஒரு எண்ணை ஊகிப்பார். இப்போது இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். படிவத்தில் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் செலவுப் பகுதிதான். வருமானம் 20,000 என்று எழுதியவர், கார் தவணை 14,000, வாடகை 12,000 என்றும் எழுதியிருப்பார். அந்த 6,000 எங்கிருந்து வருகிறது என்பதுதான் உங்கள் வக்கீலின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

சம்பளச் சீட்டை அவர் மறைத்தால், அதைத் தாக்கல் செய்ய அவர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு உத்தரவிடும்படி தனி மனுப் போடலாம். வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்பவர்களுக்கும் பதில் உண்டு: உடல் வலுவுள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது.

முகநூலில் அவர் போட்ட புதுக் காரின் படம்? எடுத்து வையுங்கள். ஆனால் மின்னணு ஆவணத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை. அது இல்லாமல் நீட்டினால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். தவிர, அந்தப் படிவத்தை நீங்களும் நிரப்ப வேண்டும் என்பதை மறக்காதீர்கள். உங்கள் வேலையை மறைத்து, அது பிறகு வெளியே வந்தால் சேதம் உங்களுக்குத்தான்.

இதுவரை: காட்ட வேண்டியது சூழ்நிலை மாற்றம். தேவையை ரசீதும், வருமானத்தை அபிடவிட்டும் காட்டும். பெற்றோரின் பங்கு வருமான விகிதப்படி பிரியும்.

மனு நகரும் பாதை

முதலில் பழைய உத்தரவின் சான்றிட்ட நகல். வெறும் ஜெராக்ஸ் போதாது. நகல் கேட்டு விண்ணப்பித்தால் கைக்கு வர நாளாகும், ஆகவே அதிலிருந்து தொடங்குங்கள். அடுத்து பிறப்புச் சான்றிதழ், பள்ளியின் கட்டண விவரக் கடிதம், ரசீதுகள், மருத்துவச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம், இருவரின் வருமானம் பற்றிக் கையில் உள்ளவை. பணம் வந்த வங்கிக் கணக்கின் விவரத்தாளையும் சேர்த்துவிடுங்கள். எந்த மாதம் எவ்வளவு வந்தது என்பது அதில் இருக்கும்.

குழந்தை மைனர் என்பதால் அம்மா அதன் சார்பில் மனுதாரர். மனு பதிவாகி எண் வாங்கியதும் அப்பாவுக்கு அறிவிப்பு போகும். பழைய முகவரிக்கு அனுப்பி, ‘ஆள் இல்லை’ என்று திரும்பி வந்து, அதிலேயே இரண்டு மூன்று வாய்தா போவது மிகச் சாதாரணம். இப்போதைய வீட்டு முகவரியையும் அலுவலக முகவரியையும் முதலிலேயே கொடுத்தால் மாதங்கள் மிச்சம். பிறகு குடும்ப நல நீதிமன்றம் சமரசத்துக்கு அனுப்பும். அங்கேயே ஒரு தொகைக்கு இருவரும் ஒப்புக்கொண்டால் எழுதி நீதிமன்றப் பதிவில் ஏற்றிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக ‘இனி பத்தாயிரம் போட்டுவிடுகிறேன்’ என்பதை நம்பி மனுவைத் திரும்பப் பெறுவது பெரிய தவறு. மூன்று மாதம் வரும், நான்காம் மாதம் நின்றுவிடும். கையில் இருப்பது பழைய 6,000 உத்தரவு மட்டும். சமரசம் ஆகாவிட்டால் எதிருரை, சாட்சி, குறுக்கு விசாரணை, உத்தரவு.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டம் 1987 அதைத் தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும், தொலைபேசி எண் 15100.

காலதாமதம்தான் இங்கே மிகப் பெரிய செலவு. உயர்த்திய தொகையைப் பெரும்பாலும் மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தும், சில சமயம் உத்தரவு நாளிலிருந்தும் கொடுப்பார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குப் பின்னோக்கிக் கிடைக்காது. ஆகவே ‘மனுத் தேதியிலிருந்து’ என்ற சொல்லைக் கோரிக்கையில் கட்டாயம் எழுதுங்கள். நம் கணக்கில் இடைவெளி மாதம் 4,400. ‘தீபாவளி கழியட்டும், பரீட்சை முடியட்டும்’ என்று ஓராண்டு தள்ளிப்போட்டால் போவது 52,800.

பாக்கி வேறு, உயர்வு வேறு

கொடுக்க வேண்டிய 6,000-மே எட்டு மாதமாக வரவில்லை என்றால் அது பாக்கி. அதற்கு நிறைவேற்று மனு என்ற தனி மனு உண்டு. 144-ஆம் பிரிவு உத்தரவில் பாக்கியை வசூலிக்க வாரண்ட் கேட்க, தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வர வேண்டும். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை வைக்கலாம். சிறைக்குப் போய் வந்ததால் கடன் தீராது. இரண்டு மனுவையும் ஒரே நேரத்தில் போடலாம், ஒன்றில் மற்றதைக் கலக்கக் கூடாது.

பணம் வரவில்லை என்பதற்காகக் குழந்தையை அப்பாவிடம் காட்ட மறுப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காக அவர் பணத்தை நிறுத்துவதும் ஒரே அளவு தவறு. பார்க்கும் உரிமையும் பராமரிப்பும் இரண்டு தனித் தண்டவாளங்கள். காட்ட மறுத்த செய்தி நீதிபதியிடம் போனால், உங்கள் நல்ல மனுவும் கசந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை: 146-ஆம் பிரிவு இரு பக்கமும் வெட்டும். அதே பிரிவில் தொகையைக் குறைக்கச் சொல்லி அவரும் வரலாம். உங்களுக்குப் பெரிய சம்பள உயர்வு கிடைத்திருந்தால் அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு மனுப் போடுங்கள்.

பதினெட்டு வயதுக் கதவு

மகனுக்கு 18 முடிந்தால், உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலை இருந்தால் தவிர, இந்தப் பிரிவுகளில் கேட்பது கடினம். கல்லூரிக் கட்டணம் தொடங்கும் வயதில் பராமரிப்பு நிற்பது கொடுமைதான், ஆனால் சட்டம் அப்படித்தான் நிற்கிறது. மணமாகாத மகளுக்கு வழி இருக்கிறது. இந்துக் குடும்பங்களில் 1956 சட்டத்தின் 20-ஆம் பிரிவு, தன் வருமானத்தில் வாழ முடியாத மணமாகாத மகளைக் காக்கும் கடமையைப் பெற்றோர் மேல் வைக்கிறது. அதற்குத் தனி வழக்கு. எனவே பிள்ளைக்குப் பதினைந்து, பதினாறு வயதாகும்போது உயர்வு மனுவில் சமரசம் பேச வாய்ப்பு வந்தால், ‘பட்டப்படிப்பு முடியும் வரை கல்விச் செலவில் இத்தனை பங்கு’ என்று எழுதி வாங்குவது நல்லது.

உத்தரவு கைக்கு வருமுன்

தொகை உயர்ந்த சந்தோஷத்தில் எழுந்து வந்துவிடாதீர்கள். உத்தரவில் சில வரிகள் இருக்கும்படி கோரிக்கையிலேயே கேட்டிருக்க வேண்டும். குழந்தைக்கான தொகை அம்மாவுடையதிலிருந்து பிரித்து எழுதப்பட வேண்டும். எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்குக்கு என்று இருக்க வேண்டும். திடீர் மருத்துவச் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்றும், பள்ளிக் கட்டணம் மாதத் தொகைக்குள் அடங்குமா, தனியா என்றும் இருக்க வேண்டும். கடைசியாக, மனுவின் கோரிக்கைப் பகுதியில் இப்படி ஒரு வரி: “மேற்படி தொகையை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் முதல் … சதவீதம் உயர்த்திச் செலுத்த எதிர்மனுதாரருக்கு உத்தரவிடக் கோருகிறேன்.” ஜூன் என்று எழுதுவதற்குக் காரணம், பள்ளி திறப்பதும் சீருடை தைப்பதும் அப்போதுதான்.